செட்டு மட்டும்தான் குடுத்தன்

இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, ஒரு அம்ப், ஒரு மைக். இவ்வளவையும் ஒரு பின்னேரத்துக்கு வாடகைக்குக் கொடுத்த மனிதனை எவ்வளவு காலம் உள்ளே வைக்கலாம் என்று நினைக்கிறீர்கள்?

யோசிக்க வேண்டாம், சும்மா ஒன்றைச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னது குறைவு.

நான் கம்பஸில் படித்தது கணக்கியல். சட்டத்துக்கும் எனக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் இருக்கவில்லை. ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் எந்தப் பிரிவு என்ன செய்யும் என்று இப்போது என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எங்கள் வீட்டில் அதை நீட்டி முழக்கிச் சொல்வதில்லை. பிடிஏ என்போம், ஏதோ விட்டமின் மாதிரி.

உள்ளே போனவர் என் அத்தான், அக்காவின் கணவர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். கலியாணத்தோடு வீடு அக்காவின் பெயருக்குப் போனது. அப்பா அதற்கு முதலே சீனி வருத்தத்தில் செத்துப் போயிருந்தார். அம்மாவும் நானும் அதே வளவில் பின்னால் கட்டிய இரண்டு அறைக்குப் போனோம். அத்தான் வந்தபோது கொண்டு வந்தது ஒரு சூட்கேஸ், ஒரு லொறி நிறைய ஸ்பீக்கர் பெட்டிகள். முதல் கிழமையே எங்கள் முற்றத்தில் நின்று "மைக் டெஸ்ட், மைக் டெஸ்ட்" என்று சொல்லிப் பக்கத்து வளவு ஆடுகளைக் கலைத்தார்.

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற எங்கள் ஊரில் மட்டுமில்லை, இங்கால தேற்றாத்தீவு, அங்கால சித்தாண்டி வரைக்கும் அவருடைய செட்டுக்குக் கிராக்கி இருந்தது. கோயில் திருவிழா, கலியாணம், செத்த வீடு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, ஓட்டமாவடியில் ஒரு கடை திறப்பு. தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் போவார். ஆமிக் கேம்பில் புத்தருக்குப் போடுகிற வெசாக் பந்தலுக்கும் அவருடைய பெட்டிதான். அத்தானுக்குத் தெரிந்த அரசியல் இரண்டே வகை: மரத்தில் ஹோர்ன் கட்டுகிற கூட்டம், நிலத்தில் பெட்டி வைக்கிற கூட்டம்.

கார்த்திகை மாதத்தில் செத்தவர்களுக்கு விளக்கேற்றுகிற நாள் ஒன்று இருக்கிறது. யார் செத்தவர்கள், எந்தச் சண்டையில் என்றெல்லாம் இந்த நாட்டில் வளர்ந்தவருக்கு விளக்கத் தேவையில்லை. அந்த வருடம் வாவிக் கரையில் நடத்தினார்கள். சில பொடியன்கள் வந்து செட்டுக் கேட்டார்கள். அத்தான் பெட்டிகளை இறக்கி, வயரை இழுத்து, மைக்கைக் கட்டிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஊரில் ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்கு மற்றச் செட்டோடு போய்விட்டார். அவர் போன பிறகு யாரோ தன்னுடைய போனைச் செருகிப் பாட்டுப் போட்டான். வேறு யாரோ அதைப் படம் பிடித்தான். என்ன பாட்டு என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் எனக்கும் ஒரு லோயர் பிடிக்க வேண்டி வரும்.

சில நாள் கழித்து அத்தானை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். காலையில் போனார், பின்னேரம் வந்துவிட்டார். வந்ததும் குளித்தார், சாப்பிட்டார், படுத்தார். ஊர்தான் படுக்கவில்லை. கூட்டம் வைத்ததே அவர்தானாம், வெளிநாட்டில் இருந்து அவருக்குக் காசு வந்ததாம், செட் எல்லாம் அந்தக் காசில் வாங்கியதாம். மீன் வாங்கப் போன அம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு மீன் வாங்காமல் வந்தார்.

"மகன், இஞ்ச வாங்க. எனக்கு உண்மை தெரியணும்."

"என்ன மாமி, நான்தான் சொன்னனே. செட்டு மட்டும்தான் குடுத்தன்."

"வாயால சொன்னாக் காணாது. அம்மாள்ட கோயிலுக்கு வாங்க."

அம்மாவுக்கு ஏன் இது தேவைப்பட்டது என்றால், அவருக்கு ஒரு தம்பி இருந்தார். ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குப் போனவர் இயக்கத்துக்குப் போய்விட்டார், திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு பல வருடம் எந்த உடுப்புப் போட்டவன் வந்தாலும் அம்மாவைத்தான் கேட்டான். அம்மாவுக்கு எதுவும் தெரியாது. தெரியாது என்று சொன்னதற்கு ஒரு முறை அடியும் வாங்கியிருக்கிறார். அதில் இருந்து வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருப்பதுதான் அவருக்கு உலகத்திலேயே பெரிய பயம்.

எங்கள் பக்கத்தில் கண்ணகை அம்மன் கோயில் கதவு வருடம் முழுக்கப் பூட்டியிருக்கும். வைகாசியில் திறந்து, சில நாள் பூசை செய்து, அம்மாளைக் குளிர வைக்கிற குளுத்திப் பாட்டுப் பாடி, திரும்பப் பூட்டிவிடுவார்கள். ஆனால் சத்தியம் பண்ணுகிறவர்கள் வைகாசி வரைக்கும் காத்திருப்பதில்லை. மாடு களவு போனாலும் வேலிச் சண்டை வந்தாலும் பூட்டிய கதவுக்கு முன்னால் போய் நிற்பார்கள். கற்பூரத்தைக் கொளுத்தி, சொல்ல வேண்டியதை வாய்விட்டுச் சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அமர்த்தி அணைக்க வேண்டும். மனதுக்குள் சொல்வது செல்லாது. பக்கத்தில் நிற்கிறவருக்குக் கேட்க வேண்டும். சொன்னது பொய் என்றால் தண்டனையாக அம்மாள் ஓர் ஆளைக் கேட்பாள். யாரைக் கேட்க வேண்டும் என்பதையும் நாங்களே சொல்லிக் கொடுத்துவிடுவோம்.

அத்தான் கற்பூரத்தைக் கொளுத்தினார்.

"அந்தக் கூட்டத்த நான் வெக்கல்ல. செட்டு மட்டும்தான் குடுத்தன். இது பொய்யெண்டா என்ட புள்ளைக்குத்தான்."

அணைத்தார். உள்ளங்கை நடுவில் ஒரு கறுப்பு. அம்மா பெருமூச்சு விட்டார். அக்கா அம்மாவோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. அவளுடைய மகளுக்கு அப்போதுதான் நடை வந்திருந்தது.

சத்தியம் அம்மாவின் பயத்தைத்தான் தீர்த்தது. சிவில் உடுப்பில் வந்தவர்களை அது எதுவும் செய்யவில்லை. அந்த மாதமே ஒரு வான் வண்டியில் வந்தார்கள். "சின்ன வாக்குமூலம்தான், பின்னேரம் விட்டிருவம்" என்றார்கள். எந்தப் பின்னேரம் என்று அக்கா கேட்டிருக்க வேண்டும். அம்ப்பையும் பெட்டிகளையும் சான்றுப் பொருள் என்று ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அடுத்த வெசாக் வந்தபோது கேம்பில் இருந்து அக்காவின் போனுக்குக் கோல் வந்தது. கொச்சைத் தமிழில் ஒருவர், "இந்த முறை செட் வருமா, தங்கச்சி?" என்று கேட்டார். அக்கா, "செட் உங்கட ஆக்கள்ட்டத்தான் இரிக்கி சேர்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அத்தானைக் கொழும்புக்குக் கொண்டு போய்விட்டார்கள். தடுப்புக் கட்டளைக்கு நீதவான் தேவையில்லை, அமைச்சர் ஒருவரின் கையொப்பம் போதும். மூன்று மாதம், பிறகு இன்னொரு மூன்று மாதம், பிறகு இன்னொன்று. பிணை என்று கேட்டால் நீதவான் கோட்டுக்கு அந்த அதிகாரம் இல்லை என்றார்கள். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிக் கையொப்பம் வாங்கினார்கள். அத்தானுக்குத் தெரிந்த சிங்களம் வாடகை பேசுகிற சிங்களம். அதில் என்ன இருந்தது என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது. வேறு சட்டம் என்றால் பொலிசுக்குக் கொடுத்த ஒப்புதல் கோட்டில் எடுபடாது. இந்தச் சட்டத்தில் கொஞ்சம் பெரிய அதிகாரி எடுத்திருந்தால் எடுபடும். இதெல்லாம் நான் பஸ்ஸில் போகும்போது போனில் வாசித்துத் தெரிந்துகொண்டது.

மாதம் ஒரு முறை பார்க்கப் போவோம். பழுதாகாமல் போய்ச் சேர வேண்டும் என்று அக்கா வாவி இறாலைச் சுருளப் பொரித்து எடுப்பாள். சிறையில் ஒரு விதி இருக்கிறது: கொண்டு போகிறவர் எல்லாச் சாப்பாட்டிலும் ஒரு வாய் காவலருக்கு முன்னால் சாப்பிட்டுக் காட்ட வேண்டும், நஞ்சு இல்லை என்பதற்கு. அக்காவுக்கு அந்த நேரத்தில் தொண்டையில் இறங்காது. எனக்கு நன்றாக இறங்கும்.

"ஒரு வாய்தான் திங்கச் சொன்ன, நீ பாதிய முடிச்சிட்டாய்" என்று அக்கா ஏசுவாள்.

"சந்தேகம் வரக்கூடாதெல்லோ."

காவலர் சிரிப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் நான் தின்கிற விதம் விளங்கியிருக்கும்.

இப்படியே மாதங்கள் போய் வருடத்தைத் தாண்டின. எங்கள் லோயர் கொழும்புத் தமிழ் பேசுகிற ஒரு பெண், எப்போதும் ஏதோ ஒரு கோட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறவர். ஒரு நாள் படியில் நிற்க வைத்து, மூச்சு விடாமல் சொன்னார்.

"அரசாங்கத் தரப்புல ரெடியா இருக்காங்க. குற்றத்தை ஒத்துக்கிட்டா ஒரு வருஷம் புனர்வாழ்வு முகாம், அப்புறம் வீடு. ஒத்துக்கலைன்னா வழக்கு நடக்கும். சாட்சி எல்லாம் டிரான்ஸ்பர் ஆன பொலிஸ், ஒவ்வொரு தவணைக்கும் ஒருத்தர் வர மாட்டார். எத்தனை வருஷம்னு நான் சொல்ல மாட்டேன். எதைச் செய்யணும்னும் சொல்ல மாட்டேன். அவரைக் கேட்டுட்டு வாங்க."

அக்கா அந்தப் படியிலேயே அழுதாள், சந்தோசத்தில். ஒரு வருடம் என்பது அவளுக்கு நாளைக்கு மாதிரிக் கேட்டது. நேரே சிறைக்குப் போனோம், அம்மாவும் வந்திருந்தார். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அத்தான், இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஏலா" என்றார் அத்தான்.

"என்ன ஏலா?"

"செய்யாதத செஞ்சன் எண்டு எப்பிடிச் சொல்ற? நான் கற்பூரம் அணைச்சவன் புள்ள. ஆரு தலையில சொன்னன் எண்டு தெரியும்தானே."

அக்கா அவரைப் பார்க்கவில்லை. திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கம்பி வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதில் இருந்த சிக்கல் இவ்வளவுதான்: ஒத்துக்கொண்டால் அத்தான் வீட்டுக்கு வருவார், ஆனால் அம்மாள் பிள்ளையைக் கேட்பாள். ஒத்துக்கொள்ளாவிட்டால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அப்பா என்று ஒருவர் இருக்க மாட்டார். இதை மூடநம்பிக்கை என்று நீங்கள் சொல்லலாம். நானும் சொன்னேன்.

"உங்களுக்கென்ன விசரா அத்தான்?"

"விசர்தான் மச்சாள். இவ்வளவு நாள் இதுக்குள்ள கிடந்து விசர் புடிக்காட்டித்தான் புதினம்."

"கதவு பூட்டித்தானே கிடந்த. அம்மாளுக்குக் கேட்டிராது."

"அப்ப நீ ஏலெவல் சோதினைக்கு முன்னுக்குப் போய்க் கும்பிட்ட ஆர? பூட்டையா?"

"சரி, கோட்டில எல்லாம் சிங்களத்திலதான் நடக்கும். அவக்கு என்ன விளங்கப் போகுது?"

"சிங்கள ஆக்களும் அவவத்தானே பத்தினி எண்டு கும்பிர்ற. உன்ன விட அவக்கு நல்லாச் சிங்களம் தெரியும்."

"நீங்க ஏற்கனவே ஒப்பம் வெச்சித்தீங்க. அதுல என்ன கிடந்ததெண்டு உங்களுக்கே தெரியா."

"அது கை. சத்தியம் பண்ணினது வாய்."

"அணைச்சது கையாலதானே!"

அத்தான் வலைக்குப் பின்னால் தலையைச் சொறிந்தார். "நீ லோயருக்குப் படிச்சிரிக்கலாம்" என்றார். காவலர் நேரம் முடிந்தது என்று சைகை காட்டினார். அக்கா எழும்பவில்லை.

"உங்கட புள்ளைக்கு உங்கட முகம் மறக்குது" என்றாள் அக்கா. "போன்ல இரிக்கிற போட்டோவக் காட்டினா, ஆரு இந்த மாமா எண்டு கேக்காள். அம்மாள் கேக்காட்டியும் இது புள்ளைக்குக் கிடைச்ச தண்டனதானே?"

அத்தான் எழும்பினார். வலையில் விரலை வைத்துவிட்டு உள்ளே போனார்.

ஊருக்கு வந்ததும் அம்மா கட்டாடியாரைத் தேடிப் போனார். கண்ணகை கோயிலில் பூசை செய்கிறவரைக் கட்டாடியார் என்போம். வைகாசி தவிர மற்றக் காலத்தில் அவர் ஓட்டோ ஓடுகிறவர். அம்மா சந்தைக்குப் போவதாகச் சொல்லி அவருடைய ஓட்டோவில் ஏறினார், என்னையும் ஏற்றினார்.

"அண்ணன், பண்ணின சத்தியத்த மீக்க ஏலுமா?"

"சத்தியமென்ன காப்புச் சோடியா, அடகு வெச்சி மீக்க? ஆருட சத்தியம்?"

"எங்கட மருமகன்ட."

"ஓ. அவன் சொன்னது உண்மையா, பொய்யா?"

"உண்மை."

"அப்ப என்னத்த மீக்கிற?"

"கோட்டில மாறிச் சொல்லணுமாம். சொன்னா விட்டிருவானுகளாம்."

கட்டாடியார் ஒரு மாட்டுக்காக பிரேக் போட்டார். மாடு போகும் வரைக்கும் ஹோர்ன் அடித்தார்.

"தங்கச்சி, நான் ஓம் எண்டும் சொல்ல மாட்டன், இல்ல எண்டும் சொல்ல மாட்டன். நான் ஓம் எண்டு சொல்லி, நாளைக்குப் புள்ளைக்கு ஒரு தும்மல் வந்தாலும் என்ட ஓட்டோவில ஆரும் ஏற மாட்டானுகள். வீட்டில வயசுக்கு வந்த புள்ளையள் ரெண்டு கிடக்கு எனக்கு."

"அப்ப ஆரக் கேக்கிற?"

"சத்தியம் ஆரு வாங்கின?"

"நான்தான்."

"அப்ப உனக்கும் அவக்கும் இடையில உள்ள கதை. என்ன விடு."

சந்தையில் இறங்கும்போது அவர் காசு வாங்கவில்லை. அந்தக் கதைக்குள் தன்னுடைய பெயர் வரக்கூடாது என்பதற்காக என்று நினைக்கிறேன்.

அம்மா அதற்குப் பிறகு இதைப் பற்றிக் கதைக்கவில்லை. வைகாசி வந்தது. கதவு திறந்த அன்றைக்குப் பின்னேரம் ஊர் முழுக்கக் கோயிலில். வாவிக் காற்றில் வேப்பிலையும் வியர்வையும் மணத்தன. அம்மா சனத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்குப் போனதை நான் காணவில்லை. கற்பூரம் எரிவதைத்தான் கண்டேன். பிறகு அம்மாவின் குரல். அம்மா மெதுவாகக் கதைக்கிற ஆள். அன்றைக்கு அப்படிக் கதைக்கவில்லை.

"அம்மாளே, கேளு. என்ட மருமகன் செட்டு மட்டும்தான் குடுத்தவர். கூட்டம் வெச்சவர் இல்ல. இப்ப கோட்டில, வெச்சன் எண்டு சொல்லப் போறார். நான்தான் சொல்லச் சொல்லிரிக்கன். அவர் சொல்ற பொய் என்ட பொய். பேத்தியத் தொடாத. கேக்கிறதெண்டா என்னக் கேளு."

கையை வைத்து அணைத்தார். பெரிய கட்டி கற்பூரம். அத்தானை விட அதிக நேரம் கையை எடுக்காமல் வைத்திருந்தார். பெண்கள் குரவை போட்டார்கள், எதற்கு என்று தெரியாமலே சிலர்.

இப்போது ஊரில் நடக்கிற எல்லாச் சடங்கும் லைவ் போகும். சுவிசில் இருக்கிற பெரியம்மாவுக்கு, கனடாவில் இருக்கிற சித்தப்பாவுக்கு. எங்கள் தெருவில் ஒருவர் கதவு திறப்பை லைவ் போட்டுக்கொண்டு நின்றார். நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். அவருடைய போனில் அம்மா தெளிவாக விழுந்தார். அடுத்த நாள் காலையில் அந்தத் துண்டை யாரோ வெட்டி எடுத்து, மெதுவாக ஓட விட்டு, பின்னால் புல்லாங்குழல் போட்டு, "வீரத்தாய்" என்று எழுதி, கடலுக்கு அப்பால் இருக்கிற பக்கங்களில் எல்லாம் ஏற்றியிருந்தார்கள். கீழே தீ, தீ, தீ என்று இமோஜி.

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"ஆரு கா இந்தக் கிழவி?"

"நீங்கதான்."

"பின்னுக்கு என்னத்துக்குக் குழல் ஊதிறானுகள்?"

தன்னுடைய தம்பியைத் தூக்கிக்கொண்டு போன எல்லாவற்றின் மீதும் அம்மாவுக்கு ஒரு வெறுப்பு உண்டு. வீரம் என்ற சொல்லை வீட்டுக்குள் சொன்னால் எழும்பிப் போய்விடுவார். அவரைத்தான் வீரத்தாய் ஆக்கியிருந்தார்கள். அதை ஏற்றியவர்களுக்கு அங்கே குளிர் மட்டும்தான் பிரச்சினை.

லோயர் கோல் எடுத்தார். "யாருங்க அந்த வீடியோவைப் போட்டது? அவர் பொய் சொல்லப் போறார்னு ஊரைக் கூட்டிச் சொன்னா நான் எப்படிங்க கோர்ட்டுல நிக்கிறது?" பிறகு கொஞ்சம் நிறுத்தி, "அம்மாவோட கை எப்படி இருக்கு?" என்றும் கேட்டார்.

அடுத்த முறை போனபோது அக்கா அத்தானிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் இறாலைத் தொடவில்லை.

"மாமி அப்பிடிச் செஞ்சாவா?"

"ஓம். கை பொங்கிக் கிடக்கு."

"இப்ப நான் சொல்லாம விட்டா மாமி சும்மா கையச் சுட்டதாப் போகும், என்ன?"

"ஓம்."

"சரி" என்றார்.

தவணைக்கு மூன்று பேரும் போனோம். மொழிபெயர்ப்பாளர் குற்றச்சாட்டைத் தமிழில் வாசிப்பார் என்று லோயர் சொல்லியிருந்தார். முதலில் போட்டிருந்த குற்றங்கள் பல: கூட்டம் வைத்தது, காசு சேர்த்தது, தடை செய்த இயக்கத்தைத் திரும்பக் கட்டப் பார்த்தது. அவற்றை எல்லாம் அரச தரப்பு எடுத்துவிட்டது, ஒன்றை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது என்றும் சொன்னார். எந்த ஒன்று என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. எங்களுக்கு எல்லாம் ஒன்றுதான். செய்யாத ஒன்றை அத்தான் செய்தேன் என்று சொல்லப் போகிறார், அவ்வளவுதான்.

மொழிபெயர்ப்பாளர் இருமிவிட்டு வாசித்தார். இன்ன நாளில், இன்ன இடத்தில் கூடிய கூட்டத்துக்கு நீர் ஒலிபெருக்கிச் சாதனங்களை வழங்கினீர், அதன் மூலம் இன்ன சட்டத்தின் கீழ் குற்றம் புரிந்தீர். குற்றவாளியா, சுற்றவாளியா? குற்றமில்லாதவரைக் கோட்டில் சுற்றவாளி என்பார்கள்.

அத்தான் முழித்தார்.

"செட்டுக் குடுத்ததா?"

"ஓம். வழங்கினீரா?"

"வேற ஒண்டும் இல்லியா?"

"இதுதான். பதிலைச் சொல்லும்."

"அதத்தானே நான் முதல்ல இருந்தே சொல்றன். செட்டு மட்டும்தான் குடுத்தன்."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொன்னார். நீதிபதி எதையோ எழுதினார். குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று பதிவாகியது. இது உங்கள் சொந்த விருப்பமா, யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டார்கள். அத்தான் இல்லை என்றார். அதுவும் உண்மைதான்.

ஆக, கோயில் கதவுக்கு முன்னால் நிரபராதி என்று காட்ட அவர் சொன்ன அதே வசனம் கோட்டில் குற்றம். ஒரு சொல்லும் மாறவில்லை. அவர் பொய் சொல்ல வேண்டி வரவே இல்லை. சட்டம் அதற்கு இடமும் வைக்கவில்லை.

வெளியே வந்து பஸ் நிலையம் வரைக்கும் நடந்தோம். பஸ்ஸில் ஏறி இருந்த பிறகு அம்மா உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நான் என்னத்துக்குக் கா இவ்வளவு பாடுபட்ட?"

அக்கா சிரிக்கத் தொடங்கினாள். வருடக்கணக்காகச் சிரிக்காத சிரிப்பு. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அம்மாவும் சிரித்தார், பிறகு நிறுத்திவிட்டு, "மறுகா நான் அம்மாள்ட சொன்னது பொய்யாப் போச்சே. பொய் சொல்லப் போறார் எண்டெல்லா சொன்னன். சொல்லல்லையே" என்றார். அக்கா சிரிப்பை நிறுத்தினாள். அது யாரும் யோசிக்காத பக்கம்.

"அம்மா, விடுங்க" என்றேன்.

அத்தான் இப்போது பொலன்னறுவைப் பக்கம் ஒரு இடத்தில் புனர்வாழ்வு பெறுகிறார். அங்கே தொழில் பழக்குகிறார்கள். இந்த மாவட்டத்தில் பாதிக் கோயிலுக்கு வயர் இழுத்த மனிதருக்கு வயரிங் பழக்குகிறார்கள், முடிவில் சேட்டிபிக்கட் கொடுப்பார்களாம். வகுப்பில் தான்தான் முதலாம் பிள்ளை என்று போனில் சொன்னார். வருகிற மாதம் விடுவார்கள்.

போன கிழமை அம்மாவுக்குக் கோல் வந்தது. மரியாதையான குரல். அந்த வீடியோவைப் பற்றிக் கொஞ்சம் கேட்க வேண்டும், யார் எடுத்தது, வெளிநாட்டில் யாருக்கு அனுப்பினீர்கள், மருமகனைப் பொய் சொல்லச் சொன்னது யார், இவ்வளவுதான் அம்மா, ஒருக்கா வந்து போங்கள் என்றது அந்தக் குரல். லோயருக்குச் சொன்னோம். தனியாக ஒன்றிலும் ஒப்பம் வைக்க வேண்டாம் என்றார், தான் இன்னொரு கோட்டில் நிற்பதாகவும் சொன்னார். இன்றைக்கு அம்மா போகும்போது வெள்ளைச் சேலையை விட்டுவிட்டு நீலம் உடுத்தார். வெள்ளை உடுத்தால் வீடியோவில் இருந்த மாதிரி இருக்குமாம்.

விசாரணை அலுவலகத்துக்குள் என்னை விடவில்லை. வாசலுக்கு எதிரே தேத்தண்ணிக் கடை வாங்கில் உட்கார்ந்து போனில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். பின்னேரமாகிவிட்டது, காலையில் உள்ளே போன அம்மா இன்னும் வெளியே வரவில்லை.